பெரியம்மா இறங்கிய இடம்

பெரியம்மா எங்களோடு வந்து நின்ற அந்தக் கோடைகாலத்தில் எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. அவர் வந்திறங்குவதற்கு முதல் நாள் அம்மா என்னையும் தம்பியையும் குசினிக்குள் கூப்பிட்டு நிறுத்தினார். கையில் கரண்டி இருந்தது. "பெரியம்மாக்கு முன்னால கழுதை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. விளங்கிச்சோ?" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்கிற ஒரே ஆள் அம்மாதான்.

எழும்பு கழுதை. பாலை மிச்சம் விடாமல் குடி கழுதை. சப்பாத்தை வெளியில் கழற்றிப்போட்டு உள்ளே வா கழுதை. இரவில் போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு, படு கழுதை. இப்படித்தான் எங்கள் நாள் தொடங்கும், முடியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தம்பிக்கு ழகரம் வரவே வராது. வாழைப்பழத்தைப் படாத பாடு படுத்துவான். இந்தச் சொல்லில் மட்டும் அது சுத்தமாக வரும், அவ்வளவு கேட்டு வளர்ந்த சொல்.

இதை நான் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நியூசிலாந்தில் ஏவன்டேல் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வாடகை வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு, அப்பா அம்மா தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு ஓடியவர்களுக்கு. இப்போது நாமே வாடகை கட்டுகிற வயதுக்கு வந்துவிட்டோம். நான் தமிழ் ஒழுங்காக எழுதப் பழகியதே பிந்தித்தான். ஆனாலும் இந்தக் கதையை ஆங்கிலத்தில் எழுத முடியாது. எழுதிப் பார்த்தேன். இதில் வரப்போகிற இரண்டு சொற்களும் ஆங்கிலத்தில் செத்துப்போய்க் கிடந்தன.

தடைக்குக் காரணத்தை அம்மா மறைக்கவில்லை. பெரியம்மாவுக்கு ஒரே மகன், எங்களுக்கு அண்ணா. மன்னாரில் சண்டை நெருங்கி வந்த காலத்தில் ஒரு காலை சைக்கிளில் வெளிக்கிட்டிருக்கிறார். தொப்பியை விட்டுவிட்டேன் என்று திரும்பி வந்தாராம். பிறகு போனை விட்டுவிட்டேன் என்று மறுபடியும் வந்தாராம். "போடா கழுதை, கெதியாப் போட்டு வா" என்று பெரியம்மா சிரித்துக்கொண்டு துரத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு அண்ணாவை ஒருவரும் காணவில்லை. சண்டை முடிந்தும் காணவில்லை. மகனிடம் கடைசியாகச் சொன்ன சொல் அது என்பதால், அதன் பிறகு பெரியம்மா அதை வாயில் எடுத்ததே இல்லை என்றார் அம்மா.

நான் அண்ணாவைப் பார்த்ததில்லை. மிகச் சின்ன வயதில் ஒரு முறை போனில் பேசியிருக்கிறேன். "நியூசிலாந்தில பாம்பு இல்லையாமே, சிங்கமும் இல்லை, கரடியும் இல்லை. அப்ப அது என்ன காடு?" என்று கேட்டார். போனுக்குள் அவர் சிரித்த சத்தம் மட்டும் எனக்கு இருக்கிறது.

பெரியம்மா மெலிந்த, உயரமான பெண். பொஹுதுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்துக் கொட்டுகிற, யேசு பிறந்த நத்தார் காலத்தில் வந்தார்; இங்கே அது கோடை. கொண்டுவந்த பனங்கிழங்கை விமான நிலையத்தில் சட்டம் என்று பறித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சேரும் வரை விரல்களை மணந்து பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் நாள் இரவு சாப்பாட்டுக்கு அவரே கோப்பைகளை, சோற்றுத் தட்டுகளை, எடுத்து வைத்துச் சோறு போட்டார். ஒரு கோப்பை கூடிப்போயிருந்தது. அதைப் பார்த்தவர், யாரும் எதுவும் சொல்வதற்கு முன், சோற்றைத் திரும்பவும் பானைக்குள் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார்.

பகலில் யன்னலோரம் இருந்து ரயில் பார்ப்பார். யார் வீட்டுக் கதவு சாத்தினாலும் தலை திரும்பும். ஆனால் எங்களோடு நன்றாக ஒட்டிக்கொண்டார். பள்ளி விடுமுறை என்பதால் முழு நாளும் அவரோடுதான். மூலைக்கடை டெய்ரிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிறீம் வாங்கித் தருவார். நாங்கள் ஆங்கிலத்தில் சொல்வது விளங்காவிட்டாலும் "ஓம், ஓம்" என்று கேட்பார். அவர் வந்ததிலிருந்து அம்மா எங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அது எங்களுக்குப் பள்ளிக்கூட ரீச்சர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஏதோ குற்றம் செய்துவிட்டோம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஒரே ஆசைதான். அக்கா திரும்பிப் போகக்கூடாது. வந்த விசா முடியும்போது இன்னும் நீட்டிக் கேட்கலாம், பிறகு பார்க்கலாம் என்று அப்பாவும் சொல்லியிருந்தார். பெரியம்மாதான் பிடிகொடுக்கவில்லை. "வீட்டில ஆள் இருக்க வேணுமடி. அவன் வந்தால் கதவைத் திறக்கிறதுக்கு ஆர் இருக்கினம்?" என்பார். அம்மா வெங்காயம் உரிக்கப் போய்விடுவார். அவருக்குக் கூடப்பிறந்தவர் என்று இருந்தது அந்த ஒரு அக்கா மட்டும்தான்.

அப்பா மின்சார வேலை செய்பவர். எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் வயர் இழுக்கப் போனபோது, அங்கே வேலை பார்த்த மலேசியத் தமிழ் அன்ரி ஒருவர் அவருக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். அந்த அன்ரி பேசுவதை அப்பா வீட்டில் அப்படியே நடித்துக் காட்டுவார். "ஏங்க, சஃபாரி போயிட்டு வாங்க லா. நம்ம காடியிலயே போலாம், காடியில உக்காந்தே மிருகங்களப் பாக்கலாம்." காடி என்றால் கார் என்று விளங்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அக்கா ஒரு நாள் மனம்விட்டுச் சிரிச்சாவெண்டால் நிண்டிடுவா, பாரும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அப்பா நல்ல மனிதர். எதையும் ஒரு வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

அவருடைய வாயிலும் ஒரு சொல் எந்நேரமும் இருக்கும். அது விசர். சந்தியில் கையைக் காட்டாமல் வெட்டுகிற காரோட்டிக்கு விசர். மழை பெய்கிற நாளில் உடுப்புக் காயப்போட்ட அம்மாவுக்கு விசர். ரீவியில் கிரிக்கெட் மட்டையை வீசி அவுட்டான ஆளுக்கு முழு விசர். எங்களுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் "உனக்கென்ன விசரே?" யாழ்ப்பாணத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அதில் கோபம்கூடக் கிடையாது. பைத்தியம் என்று பொருள் சொல்லலாம், ஆனால் யாரும் அந்தப் பொருளை நினைத்துச் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை கண்டுவிட்டு வெளிக்கிட்டோம். இடியப்பமும் சம்பலும் மீன் கட்லட்டும் பெட்டியில் இருந்தன. எங்கள் வான் வண்டி முழுக்கத் தேங்காய்ச் சம்பல் மணம். போகிற வழியில் ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் அப்பா இரண்டு கண்ணிலும் வைத்துப் பார்க்கிற ஒரு பழைய தொலைநோக்கி வாங்கினார். ஒரு கண்ணாடியில் பூஞ்சணம் படர்ந்திருந்தது, மற்றக் கண்ணால் மட்டும்தான் பார்க்கலாம். தம்பி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறக்கவே இல்லை. பெரியம்மாவை மரியாதைக்கு முன் இருக்கையில் ஏற்றினார்கள். அம்மா எங்களோடு பின்னால் இருந்தார். பின் கதவுகளுக்கு, உள்ளே இருந்து திறக்க முடியாதபடி, பிள்ளைப் பூட்டுப் போட்டிருந்தது. முன் கதவுக்கு இல்லை.

மோட்டர்வேயில் தெற்கே போகும்போது தம்பி ஒரு பலகையை எழுத்துக்கூட்டி "பொம்பே" என்று வாசித்தான். அங்கே உண்மையிலேயே அந்தப் பெயரில் குன்றுகள் இருக்கின்றன. பெரியம்மா வெளியே எட்டிப் பார்த்து, "பம்பாய் இவ்வளவு கிட்டவோ? அப்ப பிளேனில என்னத்துக்கு அவ்வளவு நேரம் இருந்தனான்?" என்று கேட்டார். அவர் பகிடி விடுகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று தெரியாமல் நாங்கள் ஆளையாள் பார்த்தோம். பிறகு அவரே மெல்லச் சிரித்தார். அம்மா பின்னால் இருந்து அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்தச் சஃபாரி இடம் இப்போது இல்லை. ஒரு பெரிய பண்ணையை வேலி போட்டுப் பிரித்து, நடுவில் மண் பாதை வெட்டி விட்டிருந்தார்கள். வாசலில் பச்சைச் சட்டை போட்ட இளம் பெண் ஒருத்தி சட்டங்களைச் சொன்னாள். மெதுவாக ஓட்ட வேண்டும், கண்ணாடியை இறக்கக்கூடாது, எக்காரணம் கொண்டும் இறங்கக்கூடாது. அப்பா அதைத் தமிழில் பெரியம்மாவுக்குச் சொல்லும்போது தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்தார். "கதவில கைகூட வைக்கப்படாது அக்கா. பிழை விட்டால் பொலிசுக்கு அறிவிப்பினம். பிறகு விசாவுக்குப் பிரச்சினை." பெரியம்மா உடனே கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

உள்ளே போனதும் அப்பா ஒரு விளையாட்டு அறிவித்தார். மிருகத்தை முதலில் காண்பவருக்கு ஒரு புள்ளி. ஆனால் பெயரைத் தமிழில் சொன்னால்தான் கணக்கு. இது எங்களுக்கு வைத்த பொறி என்பது அப்போதே விளங்கியது. மானை நான் சொன்னேன். தீக்கோழியைப் பெரியம்மா சொன்னார். எமுவுக்கு என்ன தமிழ் என்று யாருக்கும் தெரியாததால் அப்பாவே எமுக்கோழி என்று தீர்ப்புச் சொல்லித் தானே புள்ளியை எடுத்துக்கொண்டார். அல்பாக்காவைக் கண்டதும் சண்டை வந்தது. "நீட்டுக் கழுத்துச் செம்மறி" என்றார் பெரியம்மா. அது செல்லாது என்று அம்மா வாதாடினார். தம்பி மட்டும் ஒரு புள்ளியும் இல்லாமல் தொலைநோக்கியைக் கண்ணில் அழுத்திக்கொண்டிருந்தான். எல்லா மிருகத்தையும் முதலில் காண்கிறவன் அவன்தான், தமிழ்ப் பெயர்தான் வரவில்லை.

சிங்கம் எப்போது வரும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். சிங்கம் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தீக்கோழி ஒன்று வானோடு கூடவே ஓடி வந்து, பக்கத்துக் கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு அதைக் கொத்தத் தொடங்கியது. அப்பா ஹோர்ன் அடித்தார். அது தலையைச் சரித்து அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு வைப்பரைக் கொத்திப் பிடுங்கியது. "உதுக்கென்ன விசரே?" என்று அப்பா கத்த, பெரியம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கண்டதில்லை. அம்மாவும் சிரித்தார், அம்மாவின் கண்ணிலும் தண்ணீர் வந்தது, ஆனால் அது வேறு தண்ணீர்.

அந்தச் சூட்டோடு அப்பா கேட்டார். "அக்கா, குளிர்காலத்துக்கும் நிண்டால் தெற்கே கீழ்த்தீவுக்குப் போய்ப் பனி பாக்கலாம். என்ன சொல்லுறியள்?"

அப்பாவையும் தம்பி என்றே கூப்பிடுகிற பெரியம்மா முன்னால் பார்த்துக்கொண்டு, "பாப்பம் தம்பி" என்றார்.

இல்லை என்று சொல்லவில்லை. வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பாப்பம் என்றார். அம்மா என் கையைப் பிடித்து நசுக்கியது எனக்கு இன்னும் வலிக்கிறது.

கடைசி வேலியைத் தாண்டினோம். பைன் மர நிழலில், பாதைக்குக் கிட்ட, சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் நின்றது. நீட்டுக் காது, வெள்ளை மூக்கு.

தம்பிதான் முதலில் கண்டான். அந்த முழு நாளிலும் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே மிருகம், பிழை விடாமல் சொல்லக்கூடிய ஒரே பெயர். வாயைத் திறந்தவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அவன் வாயை மூடிக்கொண்டான். உதடு துடித்தது. அப்பா அக்சலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, "ஒண்டுமில்லை, குதிரைக் குட்டியள். போவம்" என்றார்.

"தம்பி, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ" என்றார் பெரியம்மா.

அப்பா கேட்காதவர் போல ஓட்டினார்.

"நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினார். அடுத்து நடந்தது மிகவும் சாதாரணமாக நடந்தது. பெரியம்மா பெல்ட்டைக் கழற்றினார், கதவைத் திறந்தார், செருப்பைச் சரியாகப் போட்டுக்கொண்டு இறங்கினார். புல்லுக்குள் நடந்து போய், கிட்ட நின்ற ஒரு கழுதையின் முதுகில் கையை வைத்தார். அது நகரவில்லை. அதன் பிடரியில் தொடங்கி முதுகு வழியே கறுப்பாக ஓடிய கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு தோளின் குறுக்கே ஓடிய மற்றக் கோட்டை. காற்றில் சேலை அடித்தது. வெயிலில் அவர் நின்ற விதத்தில் அவசரமே இல்லை.

பின்னால் பண்ணைக்காரர்களின் வண்டி ஹோர்ன் அடித்தபடி வந்தது. அம்மா "அக்கா, அக்கா" என்று பூட்டிய கதவைத் தட்டினார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. பொலிஸ், விசா என்று தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டார் போலிருக்கிறது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிக் கத்தினார். "அக்கா, உங்களுக்கென்ன விசரே? வந்து ஏறுங்கோ."

பெரியம்மாவின் கை கழுதையின் முதுகில் அப்படியே நின்றது. திரும்பி அப்பாவைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார், வந்தார், ஏறினார், பெல்ட்டைப் போட்டார், கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

வண்டியில் வந்தது அதே பச்சைச் சட்டைப் பெண்தான். அவள் கோபப்படவில்லை. அம்மையாருக்குச் சுகமா என்று கேட்டாள். அப்பா பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டார். கழுதைகள் ஒன்றும் செய்யாது, ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டுக் கையசைத்துப் போய்விட்டாள்.

வான் கொஞ்சத் தூரம் போனதும் பெரியம்மா கேட்டார். "கழுதைதானே. ஏன் குதிரைக் குட்டி எண்டு சொன்னனீங்கள்?"

அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டதில் அம்மா உறைந்துபோயிருந்தார்.

பெரியம்மா பின்னால் திரும்பித் தம்பியைப் பார்த்தார். "நீதானே முதல்ல கண்டனி? சொல்லன்."

தம்பி அம்மாவைப் பார்த்தான். நல்லாக யோசித்துவிட்டு, தடையை மீறாத ஒரு வழி கண்டுபிடித்தான். "டொங்கி" என்றான்.

"தமிழில சொன்னாத்தான் கணக்கு."

"கழுதை" என்றான். ழகரம் சுத்தமாக வந்தது.

"அப்ப நீதான் வெண்டது" என்றார் பெரியம்மா. பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, மன்னாரில் கழுதைகள் பஸ் நிலையத்துக்கு முன்னால் படுத்துக் கிடப்பதையும், பஸ்காரன் இறங்கித் தள்ளினாலும் எழும்பாததையும் சொன்னார். யேசுநாதர் குருத்தோலை ஞாயிறன்று ஏறிப் போனதால் கழுதைக்கு முதுகில் சிலுவை கிடைத்ததாம். "கொண்ணன், என்ர மகன், சின்னனில கண்ட கண்ட கழுதையெல்லாம் தடவிப் பாப்பான், சிலுவை இருக்கோ எண்டு. உதைச்சாலும் விடமாட்டான்."

"இதில இருந்திச்சோ?" என்று தம்பி கேட்டான். தமிழில் கேட்டான்.

"ஓம். இஞ்சத்தைக் கழுதைக்கும் இருக்கு."

அன்று இரவு அம்மா அழுதுகொண்டே சந்தோஷப்பட்டார். அக்கா அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டா, மகனைப் பற்றிக் கதைத்துவிட்டா, அக்கா தேறிவிட்டா, இனி நிற்பா என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த நாள் காலை என்னைக் "கழுதை, எழும்பு" என்று தட்டினார். எனக்கு வீடு திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

அந்தக் கிழமையே பெரியம்மா விமான ரிக்கெற்றை முன்னுக்கு மாற்றித் தரச் சொன்னார். விசாவில் இன்னும் எவ்வளவோ நாள் மிச்சம் இருந்தது. அம்மா கெஞ்சினார், சண்டை பிடித்தார், சாப்பிடாமல் கிடந்தார். "இல்லையடி, நான் போறன்" என்பதைத் தவிரப் பெரியம்மா வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு, "அந்தக் கழுதையளைக் காட்டியிருக்கக்கூடாது. பழசைக் கிளறிவிட்டிட்டுது" என்றார். எங்கள் வீட்டில் அதுதான் முடிந்த முடிவு. கழுதைகளால்தான் பெரியம்மா போனார். பல வருடங்கள் நாங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

விமான நிலையத்தில் அவர் தம்பியிடம் தொலைநோக்கியைக் கேட்டார். அவன் உடனே கழற்றிக் கொடுத்தான். ஒரு கண்ணாடி தெரியாது என்று எச்சரித்தான். "ஒரு கண் காணும்" என்றார். என் கன்னத்தைப் பிடித்து, "நல்லாச் சாப்பிடு, கழுதை" என்றார். அந்தச் சொல் கிடைத்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்து, "தம்பி, உங்களுக்கு நான் கரைச்சல் தந்திட்டன். குறை நினைக்கக்கூடாது" என்றார். முன்கூட்டிப் போவதைப் பற்றிச் சொல்கிறார் என்று அப்பா நினைத்தார். "அதுக்கென்ன அக்கா, அடுத்த முறை வடிவாப் பாப்பம்" என்றார்.

அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. நான் ஆல்பனியில் பல்கலைக்கழகக் கம்பசுக்குப் போகத் தொடங்கிய வருடம் பெரியம்மா காலமானார். அண்ணா வரவே இல்லை. அம்மா மட்டும் செத்தவீட்டுக்குப் போனார். திரும்பி வந்த அன்று பயணப் பையைக்கூடத் திறக்காமல் குசினி மேசையில் இருந்துகொண்டு எங்களிடம் சொன்னார். அப்பா பழுதான சோற்றுக் குக்கரின் வயரைக் கழற்றித் திருத்திக்கொண்டிருந்தார்.

தொலைநோக்கி பெரியம்மாவின் வாசல் கதவோரம் ஆணியில் தொங்கியதாம். பின்னேரங்களில் வாசல் படலையில் நின்று அதால் ரோட்டைப் பார்ப்பாராம். இரவில் மகனுக்கும் சேர்த்துக் கோப்பை வைப்பாராம். ஊர்ப் பிள்ளைகள் அவருக்குப் பெயரே விசரி என்று வைத்திருந்தார்களாம். படலைக்கு முன்னால் நின்று கூப்பிட்டுவிட்டு ஓடுவார்களாம். தொலைநோக்கிக்குப் பிறகு அல்ல, எங்களிடம் வருவதற்கு எவ்வளவோ முன்பே. இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னது பக்கத்து வீட்டுப் பெண்.

"இஞ்ச வெளிக்கிடேக்கை அக்கா அவவிட்டைச் சொன்னவவாம்" என்றார் அம்மா. "அங்கை போனால் ஆரும் என்னை விசரி எண்டு சொல்லமாட்டினம் எண்டு. அதுக்காகத்தான் அக்கா வந்தது. எங்களைப் பாக்கவும்தான், ஆனால் அதுக்காகவும்தான்." கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். "பிறகு ஏன் கெதியாத் திரும்பி வந்தனீங்கள் எண்டு அவ கேட்டவவாம். அங்கையும் அறிஞ்சிட்டினம் எண்டு சொன்னவவாம்."

அப்பாவின் கையில் திருப்புளி நின்றது. "நான் அக்காவுக்கு விசர் எண்டு சொன்னனானோ?" என்று கேட்டார்.

"சொன்னனீங்கள்."

"எப்ப?"

அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. தீக்கோழிக்குச் சொன்னது நினைவிருந்தது, அதை எத்தனையோ விருந்துகளில் கதையாகச் சொல்லியிருக்கிறார். கழுதைக்குப் பக்கத்தில் நின்ற அக்காவுக்குச் சொன்னது நினைவில்லை. நாங்கள் ஒரு சொல்லுக்குக் காவல் இருந்தோம், பெரியம்மாவுக்கு வலிக்காத சொல்லுக்கு. மற்றச் சொல் வீட்டுக்குள் எங்களோடு சாப்பிட்டு, எங்களோடு படுத்து, வானிலும் எங்களோடு ஏறி வந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அப்பா குக்கரைப் பூட்டி, பிளக்கைச் செருகி, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். எரிந்தது. அதற்குப் பிறகும் நின்றார்.

அதற்குப் பிறகு நான் அவர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. சந்தியில் யாராவது வெட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு போவார். கிரிக்கெட் பார்ப்பதையே குறைத்துக்கொண்டார்.

ஆல்பனிக்கு ஏவன்டேலிலிருந்து பஸ்ஸில் போய் வருவது பெரும்பாடு என்று நான் கார் ஓட்டப் பழகினேன். அதே பழைய வான்தான். ஒரு சனிக்கிழமை அதைப் பின்னால் எடுக்கப் போய், மிதிக்க வேண்டியதை விட்டு மற்றதை மிதித்துவிட்டேன். கடிதப் பெட்டி வேரோடு சாய்ந்தது, அடுத்த வீட்டு வேலியும் ஒரு பக்கம் படுத்துவிட்டது. நான் ஸ்ரியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா உடுத்த சாரத்தோடு ஓடி வந்தார். பயத்தில் அவர் முகம் வியர்த்திருந்தது, அன்று பண்ணையில் வியர்த்த மாதிரியே.

"உனக்கென்ன..." என்று தொடங்கினார்.

வாய் திறந்தபடி நின்றது. நான் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாய்ந்த பெட்டியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, முன் கதவைத் தானே திறந்து, என் தலையில் கையை வைத்தார்.

"கழுதை" என்றார். அவர் அந்தச் சொல்லை எனக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒண்டுமில்லை. இறங்கி வா, கழுதை."